காத்துன்னா உள்ள, தண்ணின்னா மேல

திண்டிவனத்தில் அந்தக் காம்பவுண்டுக்கு நாங்கள் குடிபோனது தொண்ணூற்று மூன்றில். போன மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கடைசி வீட்டக்கா வந்து என் வாசலில் நின்றார். எந்த ஊர், இன்று என்ன குழம்பு என்றெல்லாம் கேட்கவில்லை. மூக்கை இரண்டு முறை உறிஞ்சிப் பார்த்தார்.

"ராத்திரி சிலிண்டர மூடிட்டுதானே படுக்கிறே?"

"ஆமாங்க்கா."

"சரி. இந்த நிமிசம் வீடு பத்திக்கிச்சுன்னு வச்சுக்க. இன்னா எடுத்துக்கினு ஓடுவே?"

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "கொழந்தைய" என்றேன்.

"அப்புறம்?"

"நகைங்க."

"அது எங்க இருக்குது?"

"பீரோவுல."

"பீரோ சாவி?"

என் கண் அரிசி டிரம் பக்கம் போய்வந்ததை அவர் கவனித்துவிட்டார் என்று தோன்றியது.

"சரி, அப்புறம்?"

"ரேசன் கார்டு. அவரோட சர்ட்டிபிகேட்டுங்க. அவ்ளோதான்க்கா."

அக்கா என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். பின்னறையில் என் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனவர். பேச்சு குழறும். ஒருக்களித்துப் படுக்கவும் ஆள் வேண்டும்.

"உள்ள இருக்கிறவரு?" என்றார் அக்கா.

கோபமாகக் கேட்கவில்லை. கடைக்குப் போகிறவளிடம் உப்பு வாங்க மறந்துவிடாதே என்பதுபோலத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. "அவர வுட்டுட்டா போயிடுவேன்?" என்று சிரித்து மழுப்பினேன். அக்கா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நகை எங்கே இருக்கிறது என்று கேட்டாரே, அதனால்தான் பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடுகள். முன்னால் வீட்டுக்காரரின் மாடி வீடு, நடுவில் பொதுக் குழாய், ஒரு வேப்பமரம். அக்கா ஆறாவது வீட்டில் தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை. விடியற்காலை போனால் பத்து மணிக்கு வருவார், மறுபடியும் நான்கு மணிக்குப் போவார். இடைப்பட்ட நேரம் முழுக்க எங்களுடையது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாக வருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். மெயின் சுவிட்ச் எங்கே என்பார். ஜன்னல் கொக்கி துருப்பிடித்திருந்தால் தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி அவரே போட்டு ஆட்டிவிட்டுப் போவார். தீப்பெட்டியைப் பால் கவரில் சுற்றி மேல் பரணில் ஒன்று, கீழே ஒன்று வைக்கச் சொல்வார்.

ஆட்களை எண்ணுவது அவர் கூடவே பிறந்ததுபோல் இருந்தது. விடுதியில் தினமும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் உலை வைக்க வேண்டுமாம். அதே கண்ணால் எங்களையும் எண்ணினார். "ரெண்டாவது வீட்ல இன்னிக்கு மூணு பேருதான், பெரியவன் ஒலக்கூரு போயிருக்கான்" என்று அவர் சொல்லும்போது, பெற்றவளுக்கே அப்போதுதான் அது ஞாபகம் வரும்.

"காத்துன்னா உள்ள. தண்ணின்னா மேல. நெருப்புன்னா வெளிய. இத மாத்திப் பண்ணவன்தான் செத்தவன்" என்பது அவர் வாய்ப்பாடு. குழாயடியில் நிற்கும் குழந்தைகளைக்கூட நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார்.

அவர் வாசல் நிலையில் ஒரு ரெக்சின் பை எப்போதும் தொங்கும். அதில் என்ன இருக்கிறது என்பது காம்பவுண்டில் பெரிய பேச்சு. ஒருநாள் அவரே எங்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். டார்ச் லைட், தனியே சுற்றிய பேட்டரிகள், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு புடவை, ஜெபமாலை, பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும், வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை, ஒரு விசில். எங்களுக்கு அது போதவில்லை. இவ்வளவு தயாராக இருக்கிறவள் எதற்கோ பயந்துதான் இருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தோ ஓடி வந்தவளாக இருக்க வேண்டும் என்றார் முதல் வீட்டு வாத்தியார். குடிசை எரிந்து பிழைத்து வந்ததாக அக்கா இரண்டாம் வீட்டில் சொல்லியிருந்தார். ஐந்தாம் வீட்டில், புருஷன் ஆற்றோடு போனான் என்று சொன்னாராம். நான் கேட்டபோது, "ஒண்ணும் ஆவலம்மா. ஆவறதுக்கு முன்ன பாக்கறதுதானே புத்தி" என்றார். மூன்று பேருக்கு மூன்று பதில் சொல்கிறவளை எப்படி நம்புவது?

ஒரு ஐப்பசியில் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். அக்கா விடுதியிலிருந்து ஓட்டமாக வந்தார். குடங்களையும் அண்டாக்களையும் நிரப்பச் சொன்னார். ஜன்னலோரம் இருந்த கட்டில்களை உள்சுவருக்கு நகர்த்தச் சொன்னார். வாத்தியாரின் ஸ்கூட்டர் தகரக் கொட்டகையில் நின்றது. அதை எடுத்து வராந்தாவில் ஏற்றச் சொன்னார்.

"புயல் மெட்ராசுக்குப் போவுதும்மா. நீ ஏன் பேஜாரு பண்றே?" என்றார் வாத்தியார்.

"போற வழியில நம்மள பாத்துட்டுப் போவும் சார். ஏத்துங்க."

அக்காவின் தொல்லை தாங்காமல் வாத்தியார் ஏற்றினார். மதியத்துக்கு மேல் அடித்த காற்றில் கொட்டகைத் தகரம் முழுசாகப் பெயர்ந்து, ஸ்கூட்டர் நின்ற இடத்தில் கத்திபோல இறங்கியது. மறுநாள் வாத்தியார், தானே முன்கூட்டி யோசித்து ஏற்றியதாகத் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டே போனார். அவர் சொன்னது பலித்ததும் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் பேசிக்கொண்டோம்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அக்கா தினமும் பின்பக்கமாகப் போய் மாமாவின் ஜன்னலருகே நிற்பார். மாமாவின் குழறலில் பாதியைப் புரிந்துகொள்ளாமலே நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அக்காவுக்கு முழுசாகப் புரியும். இருவரும் பேசிக்கொள்வார்கள், சில சமயம் மாமா சிரிப்பார். என் கணவர் விழுப்புரத்தில் பம்புசெட் கடையில் வேலை பார்த்தார். காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் இரவுதான் திரும்புவார். பகல் முழுக்க நான் அந்தக் கிழவருக்கு என்ன செய்கிறேன், என்ன செய்யாமல் விடுகிறேன் என்பதெல்லாம் அந்த ஜன்னல் வழியாக அக்காவுக்குப் போய்ச் சேர்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் வருஷக் கோடையில் ஐந்தாம் வீட்டில் நகை திருட்டுப் போனது. கோதுமை டின்னுக்குள் வைத்திருந்த சங்கிலியும் வளையலும். பூட்டு உடையவில்லை. போலீஸ் வந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். என்னிடம் ஏட்டு கேட்டபோது நான் சொன்னேன்: "எது எங்க இருக்குன்னு எல்லார் வீட்லயும் கேட்டுக்கினு போறது கடைசி வீட்டக்கா ஒருத்தங்கதான் சார்."

பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் தொண்டையில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அக்காவின் வீட்டைக் கலைத்தார்கள். சாமான்கள் வாசலுக்கு வந்தன. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த காற்றடைத்த லாரி டியூபைக் காட்டி, "இது இன்னாத்துக்கு?" என்றார் ஏட்டு.

"தண்ணி வந்தா நடக்க முடியாதவங்கள ஏத்தறதுக்கு."

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கு நோட்டு கிடைத்தது. ஏட்டு வேப்பமரத்தடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யார் எந்த மூலையில் படுக்கிறார்கள், எந்தக் கதவு இறுக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தார். "மூணாவது வீடு. மருமகள், கைக்குழந்தை, பெரியவர், நடக்க முடியாது. பகலில் ஆண் இல்லை."

"பகலில் ஆண் இல்லையா?" என்று ஏட்டு மறுபடியும் படித்தார். அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது அவர் அழவில்லை, எங்களில் யாரையும் பார்க்கவும் இல்லை. தன் வீட்டு மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலமே விட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து உண்மை தெரிந்தது. ஐந்தாம் வீட்டம்மாவின் சொந்தத் தம்பிதான் எடுத்திருக்கிறான். அந்தம்மா புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அக்காவிடம் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுதியில் மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராணத்துச் சாவியை அவரிடமிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அந்த நோட்டை அக்கா வெந்நீர் அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். அதன்பிறகு எங்கள் வாசல்களுக்கு வரவில்லை. மாமாவின் ஜன்னலுக்கு மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. குழாயடிக்குப் போனாலும் கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போடுவோம். ஆறு வீட்டிலும் அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

மூன்றாம் வருஷக் கார்த்திகையில் நான்கு நாள் மழை விடவில்லை. முதல்நாள் விழுப்புரம் போன என் கணவர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். காலை பத்து மணி இருக்கும். சைக்கிளில் ஒருவன் ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று கத்திக்கொண்டு போனான். எங்கள் வாசல் தெருவைவிடத் தாழ்வு. நான் பருப்பை இறக்கி வைப்பதற்குள் சமையலறையில் தண்ணீர் வந்துவிட்டது. பழுப்பு நிறம், செருப்பும் துடைப்பமும் மிதந்து வந்தன. வெளியே, "மாடிக்கு வாங்க, ஜல்தி வாங்க" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

குழந்தையைத் தூக்கினேன். பீரோவைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்தேன். மாமா கூப்பிட்டார்.

"தோ வர்றேன் மாமா. புள்ளைய வுட்டுட்டு வர்றேன்."

வெளியே வந்தேன். கதவை இழுத்தேன்.

மாடிப்படியில் ஏறும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. மேலே எல்லாரும் நின்றார்கள். குழந்தையை ஐந்தாம் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, "மாமா உள்ள இருக்காரு, யாராவது வாங்க" என்றேன். ஆண்கள் கீழே பார்த்தார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. "கொஞ்சம் நிக்கட்டும்மா. இப்ப எறங்குனா அடிச்சுக்கினு போயிடும்" என்றார் வாத்தியார். நான் படியில் இறங்கினேன். இறங்கினேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டு படி இறங்கினேன், நின்றுவிட்டேன். அதுதான் உண்மை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேப்பமரம் எங்கள் வீட்டு வாசலை மறைத்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து முதலில் டியூப் வந்தது. அதில் மாமா மல்லாந்து கிடந்தார். போர்வையால் டியூபோடு கட்டியிருந்தது. பின்னால் அக்கா, நெஞ்சளவு தண்ணீரில், வாயில் அந்த விசிலைக் கடித்தபடி தள்ளிக்கொண்டு வந்தார். மழையால் விடுதிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். தன் வீட்டிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். படியருகே வந்ததும் விசிலை ஊதினார். அப்போதுதான் ஆண்களுக்குக் கால் வந்தது. இறங்கி மாமாவைத் தூக்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தாழ்ப்பாள். வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே எழுந்திருக்க முடியாத ஒரு மனிதர், வெளியே நான் போட்ட தாழ்ப்பாள். திறந்தவர் அக்கா.

அவர் மேலே வந்து புடவையைப் பிழிந்தார். என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நின்றேன். "புள்ள நனஞ்சிச்சா?" என்றார். "காஞ்ச துணி எதுனா இருந்தா பெரியவர தொடச்சு வுடுங்க."

அவ்வளவுதான். அன்றும் சொல்லவில்லை, தண்ணீர் வடிந்து என் கணவர் வந்தபோதும் சொல்லவில்லை. கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நான் பக்கத்தில் நின்று அக்காவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கத்தில் போட்டேனா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பீத்துணி துவைத்துத் துவைத்து, இது எப்போது முடியும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. கை தானாகப் போட்டது என்றால், அந்தக் கை யாருடையது?

முன்பு அக்காவைத் திருடி என்று சந்தேகப்பட்டேன். இப்போது சாட்சி என்று பயந்தேன். எப்போது சொல்வார், யாரிடம் சொல்வார், இதை வைத்து என்ன கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான்கு மாதம் கழித்து மேல்மலையனூர் பக்கம் ஒரு விடுதிக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று மாமாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். பின்னறையில் இருவரும் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள். நான் கதவுக்கு இப்பால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

மாமா அதன்பிறகு நான்கு வருஷம் இருந்தார். நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று ஊரே சொல்லும். பயத்தில் பார்த்துக்கொண்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தால் அதைத்தான் நினைக்கிறார் என்று படும். "போதும்மா, நீ போய்ச் சாப்பிடு" என்று குழறினால் அதிலும் ஒரு குத்தல் இருப்பதாகப் படும். ஒருநாள்கூட அவர் அந்தக் காலையைப் பற்றிப் பேசியதில்லை. அவர் போன பிறகு நாங்கள் விழுப்புரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாயிரத்துப் பத்துக்கு மேல் ஓர் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகலாம் என்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். தூணோரம் ஒரு கிழவி வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். முந்தானை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் முதலில் கூட்டத்துக்குள் மறையத்தான் தோன்றியது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"மூணாவது வீடு" என்றார். "புள்ள எங்க இருக்குது?"

"கல்யாணம் ஆயிடுச்சுக்கா. பாண்டிச்சேரியில இருக்குது."

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒலக்கூரில் தங்கச்சி மகளோடு இருப்பதாகச் சொன்னார். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. இன்னொரு முறை இவரைப் பார்ப்பேனா என்று தெரியவில்லை.

"அக்கா, அன்னிக்கித் தாழ்ப்பா..."

"போட்டிருந்திச்சு" என்றார், மல்லாட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திருட்டுக்கு அப்புறம் எல்லாருமே போட்டுக்கினு இருந்தோமே. பழக்கத்துல போட்டுட்டேன்க்கா."

"பழக்கமா இன்னான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் தொறந்தேன். அதுதான் எனக்குத் தெரியும்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியே."

அக்கா தோலைக் காகிதத்தில் மடித்துக் கட்டினார். "நானா இருந்தா சொல்லியிருப்பேன். மேல வந்ததும் எல்லாருக்கும் எதிர்க்க கேட்டுடணும்னுதான் வந்துக்கினு இருந்தேன். போலீசுகிட்ட நீ சொன்னதும் என் காதுல வுழுந்திச்சு இல்ல? உன் மாமனாருதான் வுடல. அவ்ளோ தண்ணியில, டியூபுல கெடந்துக்கினு என் கைய புடிச்சுக்கினாரு. 'தாப்பா போட்டிருந்தத யாருகிட்டயும் சொல்லாத. மருமவகிட்டயும் சொல்லாத. சின்னப் பொண்ணு, பயந்துடும்'னாரு."

நான் கையிலிருந்த பையைத் தூணோரம் கீழே வைத்தேன்.

"நான் மாத்தலாயி போறப்ப மறுபடியும் கேட்டாரு. அவரு கும்புடாத சாமி, எங்க அந்தோணியாரு மேல சத்தியம் வாங்கிக்கினாரு. அதான் வாய மூடிக்கினு இருந்தேன். என்ன நல்லவன்னு நெனச்சுக்காத."

"இப்ப ஏன்க்கா சொல்றீங்க?"

"அவரு போயிட்டாரு. நீயும் இப்ப சின்னப் பொண்ணு இல்ல."

திண்டிவனம் பஸ் வந்தது. அக்கா ஏறும் முன் அவசர வழி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கண்டக்டரிடம் கேட்டு, அதற்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். என் கணவர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்தார். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நகைப் பெட்டியை எடுத்ததை, மாமா கூப்பிட்டதை, கதவை இழுத்ததை, இரண்டே படி இறங்கியதை.

அவர் கை சோற்றிலேயே இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பவே தெரியும்."

சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, "என்கிட்ட நீ சொல்லியிருக்கலாம்" என்றார். அது கோபமா, வருத்தமா என்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு வருஷம் மாமாவின் முகத்தை அப்படிப் பார்த்துப் பார்த்து, அதில் இருந்ததைத் தவிர மற்றதையெல்லாம் படித்தவள் நான். அவர் எழுந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.